குரல் கேட்கவில்லை என்றால் குறை பாடகியுடையதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தந்தி வாத்தியங்களும் குரலும் சேர்ந்த ரொமாண்டிக் கால (பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய) சேம்பர் இசை, அதாவது சிறு குழு இசை, நிகழ்ச்சி ஒன்றைப் பற்றி உங்கள் கலைப் பக்கத்தில் வந்த விமர்சனம், 'பாடகியின் குரலைத் தந்திகள் விழுங்கிவிட்டன. அவருக்கு வலு போதவில்லை' என்று முடிந்திருந்தது. அந்த ஒரு மாலையை விட்டுவிடுவோம். இந்த வகை நிகழ்ச்சி எங்கே நடந்தாலும் இதே தீர்ப்புதான் எழுதப்படுகிறது. பெரும்பாலும் அது தவறான ஆள்மேல் விழும் பழி. குரல் அமுங்கிப்போவதற்கான காரணங்கள் பாடகி வாயைத் திறப்பதற்கு முன்பே மேடையில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன: நாற்காலிகளின் வரிசை, பியானோவின் மூடி, வில்லின் வேகம், தேர்ந்தெடுத்த சுருதி. நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கும் விமர்சனம் எழுதுபவர்களுக்கும் பயன்படும் என்று நம்பி இவற்றைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒலியின் கணக்கு. பயிற்சி பெற்ற குரல், குறிப்பாக ஆண் குரலும் தாழ்ந்த பெண் குரலும், ஏறக்குறைய 2,500 முதல் 3,200 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வுகள்) வரையுள்ள பகுதியில் கூடுதல் ஆற்றலைத் திரட்டி வைத்திருக்கும். பெரிய ஆர்க்கெஸ்ட்ராவின் ஆற்றல் 500 ஹெர்ட்ஸை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, அதற்கு மேலே சரிந்துவிடும். அத்தனை பேர் வாசித்தும் ஓபரா மேடையில் ஒற்றைக் குரல் வெளியே வருவது இதனால்தான். இரண்டு வயலின், அதைவிடத் தாழ்ந்து ஒலிக்கும் வயோலா, இன்னும் தாழ்ந்த செல்லோ என்று நான்கே பேர் வாசிக்கும் குவார்டெட்டில் குரல் எளிதாகக் கேட்கும் என்று தோன்றும். நடப்பது பல நேரம் நேர்மாறு. வயலினின் குதிரை, அதாவது தந்திகளைத் தாங்கும் சிறு மரத்துண்டு, நன்றாக அதிர்வது 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் பகுதியில். அருகிலிருந்து தனித்தனியாக ஒலிக்கும்போது அந்தக் கூர்மை முழுதாக வந்து சேர்கிறது. குரல் வெளியேற வேண்டிய வாசலிலேயே இரண்டு வயலின்கள் நிற்கின்றன. குதிரையில் ம்யூட் என்ற ஒலியடக்கியை மாட்டினால் எடை கூடி அந்தப் பகுதி அடங்கும் என்பது உண்மை. ஆனால் இசையமைப்பாளர் கேட்காத இடத்தில் ம்யூட் போடுவது குறுக்குவழி. வாத்தியத்தின் நிறமே மாறிவிடுகிறது.

சரியான வழி வில்லில் இருக்கிறது. 'மென்மையாக' என்று எழுதியிருக்கும் இடத்தில் வாசிப்பவர்கள் செய்யும் வழக்கமான தவறு, வில்லின் அழுத்தத்தையும் உறுதியையும் சேர்த்தே கைவிடுவது. அப்போது சத்தம் குறையும். கூடவே சுருதி தளும்பும், தாளம் குழையும். பாடகி பிடித்துக்கொள்ளத் தரை இல்லாமல் போய், அவர் இன்னும் அழுத்திப் பாட, குரல் இறுகும். செய்ய வேண்டியது, வில் தந்தியைத் தொடும் உறுதியை அப்படியே வைத்துக்கொண்டு, செலவிடும் வில்லின் நீளத்தைக் குறைப்பது. தேவைப்பட்டால் வில் குதிரையை விட்டு விரல்பலகைப் பக்கம் சற்று நகரலாம். சொற்கள் ஓடும் இடங்களில் இடது கையின் அசைவை, அதாவது விப்ராட்டோவை, ஒடுக்க வேண்டும். நான்கு பேரும் அகலமாக அசைத்தால் ஒவ்வொரு சுரமும் ஒரு பட்டையாக விரிந்து குரலின் மேல் படியும். குரல் ஓய்ந்து வாத்தியங்கள் மட்டும் பேசும் இடைப்பகுதிகளில் முழு வில்லும் முழு அசைவும் திரும்பி வரட்டும். மாலை முழுவதும் பயந்து பயந்து வாசிப்பதும் இந்த இசைக்குச் செய்யும் துரோகமே.

அடுத்தது உட்காரும் இடம். நால்வரையும் வழக்கமான அரைவட்டத்தில் உட்காரவைத்துப் பாடகியை அவர்களுக்கு முன்னால் நிறுத்துவதுதான் பெரும்பாலான மேடைகளில் நடக்கிறது. குரல் அரங்குக்குப் போகும். ஆனால் வாசிப்பவர்களுக்கு அவர் முதுகுதான் தெரியும். அவர் எப்போது மூச்செடுக்கிறார் என்பது தெரியாமல் ஒவ்வொரு சொற்றொடரின் தொடக்கமும் ஊகமாகிவிடும். பின்னால் நிறுத்தினால் நாலு வாத்தியமும் குரலைவிடக் கேட்பவருக்கு நெருக்கமாகிவிடும். நல்ல ஏற்பாடு, அரைவட்டத்தை நடுவில் ஒன்றரை மீட்டர் அளவுக்குத் திறந்து, இரண்டாம் வயலினுக்கும் அடுத்த நாற்காலிக்கும் இடையில், அதே வளைவில் அரை அடி முன்தள்ளிப் பாடகியை நிறுத்துவது. ஐந்து பேரும் ஒருவர் வாயை ஒருவர் பார்க்கலாம். பாடகியின் தாள் தாங்கி மார்புக்குக் கீழே, கிட்டத்தட்டப் படுக்கையாக இருக்க வேண்டும். முகத்துக்கு நேரே நிமிர்ந்து நிற்கும் தாங்கி முதலில் தின்பது மெய்யெழுத்துகளை. மேடையின் பின்னால் தொங்கும் கனத்த திரையும் காலடிக் கம்பளமும் செய்வது அதையேதான், ஏனென்றால் துணி உயர்ந்த அதிர்வுகளைத்தான் அதிகம் உறிஞ்சும். திரையை ஒதுக்கி, கம்பளத்தைச் சுருட்டி, மரத்தரையை வெளியே விட்டாலே பாதி வேலை முடிந்தது.

பியானோவும் சேரும் படைப்புகளில் சிக்கல் இன்னொரு படி கூடுகிறது. ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் ஓபஸ் (படைப்பு எண்) 91, ஆல்ட்டோ என்ற தாழ்ந்த பெண் குரல், வயோலா, பியானோ மூன்றுக்குமான இரண்டு பாடல்கள், இந்த வகையின் அரிய செல்வம். அதன் பின்னணி தெரிந்தால் அதை எப்படி வாசிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். வயலின் மேதை யோசஃப் யோவாகிமும் ஆல்ட்டோ பாடகி அமாலியேவும் 1863-இல் மணந்துகொண்டார்கள். மறு ஆண்டு பிறந்த மகனுக்கு நண்பர் பிராம்ஸின் பெயரையே, யோஹன்னஸ் என்று, வைத்தார்கள். தாலாட்டாக அமைந்த பாடல் அந்த நட்பின் பரிசு. இருபது ஆண்டுகள் கழித்து அந்த மணவாழ்வு முறிந்துகொண்டிருந்த வேளையில், ரூக்கெர்ட்டின் கவிதைக்கு இன்னொரு பாடலும் எழுதி, 1884-இல் இரண்டையும் சேர்த்து வெளியிட்டார். மனைவி பாட, கணவர் வயோலா வாசிக்க என்று பிறந்த இசை இது. வயோலாவைப் பக்கவாத்தியமாக நினைத்து ஒதுக்குப்புறத்தில் உட்காரவைத்தால் பாட்டின் பொருளே போய்விடும். தாலாட்டைத் தொடங்குவதே வயோலாதான். அது வாசிப்பது 'யோசேஃப், லீபர் யோசேஃப் மைன்' என்ற பழைய கிறிஸ்துமஸ் தாலாட்டின் மெட்டு. குரல் பாடாத அந்தச் சொற்களை பிராம்ஸ் வயோலாவின் வரிக்குக் கீழே அச்சிடவே செய்திருக்கிறார். நிகழ்ச்சித் தாளில் அந்தச் சொற்களையும் போட வேண்டும். வயோலா வாசிப்பவர் அவற்றை மனத்துக்குள் பாடிக்கொண்டு வில்லை இழுத்தால் சொற்றொடர் தானாக அமைகிறது.

ஆல்ட்டோவும் வயோலாவும் ஒரே உயரத்தில் உலவுபவை என்பதால் இங்கே ஒன்றை ஒன்று மறைப்பது வெகு எளிது. வயோலாக்காரர் நிற்பது நல்லது. பார்வையாளரின் கண்ணுக்குப் பாடகிக்கு இடப்பக்கமாக. அப்போது வயோலாவின் எஃப் துளைகள், அதாவது ஒலி வெளியேறும் திறப்புகள், அரங்கை நோக்கும். வலிந்து வாசிக்கத் தேவை இருக்காது. வலப்பக்கம் நிறுத்தினால் வாத்தியம் மேடையின் பின்சுவரைப் பார்த்துப் பேசும், அவர் அதை ஈடுகட்ட அழுத்துவார், குரல் காணாமல் போகும். பியானோவின் மூடியைப் பற்றி ஒரு மூடநம்பிக்கை உண்டு: முழுக்க மூடினால் பாடகிக்கு உதவி என்று. மூடிய பியானோ மங்கிய ஒலியைத் தரும். வாசிப்பவர் தெளிவு தேடி இன்னும் அழுத்துவார். சிறு குச்சியில் மூடியை நிறுத்தி, இடது கையை அடக்கி, பெடலைச் சுருக்குவதே பலன் தரும். ஸ்டைன்வே 1859-இல் கிராண்ட் பியானோவுக்குக் காப்புரிமை பெற்ற, தந்திகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகச் செல்லும் அமைப்புதான் இன்றைய கச்சேரிப் பியானோக்களின் இலக்கணம். தந்திகள் நேராகச் செல்லும் பழைய வியன்னா பியானோக்களின் கீழ்ஸ்தாயி இதைவிட மெலிந்தது, சொற்களுக்கு இடம் விடுவது. பக்கத்தில் இருந்த வயோலாவிலும் அன்று குடல் தந்திதான். இன்றைய கருவிகளில் இடது கையைக் குறைக்காமல் அச்சில் உள்ள குறியீட்டை அப்படியே பின்பற்றினால் இசையமைப்பாளர் கேட்ட சமநிலை வராது.

சுருதி சேர்ப்பதில் ஒரு நுட்பம் தவறாமல் கோட்டை விடப்படுகிறது. வயோலாவும் செல்லோவும் ஏ, டி, ஜி, சி என்ற நான்கு தந்திகளைத் தூய ஐந்தாம் இடைவெளியில் (ச-ப தூரத்தில்) சேர்ப்பவை. அந்த இடைவெளி பியானோவின் ஐந்தாம் இடைவெளியைவிடச் சற்று அகலம், அரைச்சுரத்தை நூறு சென்ட் என்று கொண்டால் 2 சென்ட். ஏ-யிலிருந்து டி, ஜி வழியாக சி-க்கு இறங்கும்போது மூன்று முறை அது சேர்ந்து, அடித் தந்தி பியானோவின் சி-யைவிட 6 சென்ட் தாழ்ந்து நிற்கும். அந்தத் தந்தி திறந்து ஒலிக்கும் இடமெல்லாம் பாடகிக்கு இரண்டு சுருதி கேட்கும். பியானோ இருக்கும் நிகழ்ச்சியில் ஏ-யை மட்டும் கேட்டு மீதியைக் காதுக்கு விடாமல், டி, ஜி, சி மூன்றையும் பியானோவோடு ஒப்பிட்டுச் சேர்க்க வேண்டும்.

அதே போல ஏ சுரத்தின் உயரம். 1885-இல் வியன்னா மாநாடு ஏற்றுக்கொண்ட அளவு 435 ஹெர்ட்ஸ். இன்று பல குழுக்கள் பளபளப்புக்காக 442, 443 என்று ஏற்றிக்கொள்கின்றன. 435-க்கும் 443-க்கும் உள்ள தூரம் அரைச்சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வயலினுக்கு அது ஒரு முறுக்கு. குரலுக்குக் கழுத்துத் தசை. குரல் இருக்கும் மாலையில் 440-க்கு மேல் போகாதிருப்பது மரியாதை.

சுருதியை மாற்றிப் பாடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பியானோவோடு பாடும்போது ஒரு பாடலை ஒரு சுரமோ இரண்டு சுரமோ இறக்கிக்கொள்வது அன்றாட வழக்கம், அதில் குற்றமில்லை. தந்தி வாத்தியங்களோடு அப்படிச் செய்ய முடியாது. வயலினுக்கு ஜி-க்குக் கீழேயும் வயோலாவுக்கு சி-க்குக் கீழேயும் சுரமே கிடையாது. இறக்கினால் அடிச் சுரங்கள் கையைவிட்டுப் போகும், அவற்றை ஒரு ஸ்தாயி மேலே தூக்கி எழுதினால் குரலின் மேலேயே வந்து உட்காரும். திறந்த தந்திகளின் அதிர்வும் போய்விடும். ஆகவே முதலில் படைப்பைத் தேர்ந்து பிறகு பாடகியைத் தேடும் வழக்கத்தைக் கைவிட்டு, குரலின் வீச்சைப் பார்த்த பிறகே படைப்பை முடிவு செய்ய வேண்டும். இத்தாலிய இசையமைப்பாளர் ரெஸ்பிகி 1914-இல் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் கவிதையின் இத்தாலிய வடிவத்துக்கு எழுதிய 'இல் ட்ரமோன்டோ' மெஸ்ஸோ சோப்ரானோ என்ற நடுத்தர உயரப் பெண் குரலுக்கானது. கால் மணி நேரம் இடைவிடாமல் ஓடும் அதை சோப்ரானோ என்ற உயர்ந்த பெண் குரல் கொண்ட ஒருவர் ஏற்றால் கதை சொல்லும் நடுப்பகுதிகள் எல்லாம் மெலிந்துபோகும். அங்கே விமர்சகர் கேட்பது பாடகியின் பலவீனம் என்று தோன்றும். உண்மையில் அது தேர்வின் பிழை.

உச்சரிப்புக்கு வருகிறேன். ஜெர்மன் பாடல்களில் 'ஷ்ல', 'ஷ்ட்ர' போன்ற மெய்க்கூட்டங்கள் நிறைய. நல்ல பாடகி அந்த மெய்களைத் தாளத்துக்குச் சற்று முன்பே முடித்து, உயிரைத்தான் தாளத்தில் வைப்பார். வில்காரர்கள் மெய்யைக் கேட்டதுமே பாய்ந்துவிட்டால், வில்லின் கடி மெய்யை மூடிவிடும், உயிர் பின்தங்கியதாகக் கேட்கும். உடனே 'பாடகி தாளத்தில் இல்லை' என்ற பேச்சு எழும். தீர்வு எளிது. முதல் ஒத்திகையில் வாத்தியத்தை எடுக்காமல் அனைவரும் கவிதையை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் தம் தாளில் குரலின் வரியையும் மூச்சுக் குறிகளையும் பென்சிலால் எழுதிக்கொள்ள வேண்டும். விற்பனைக்கு வரும் வாத்தியத் தாள்கள் பலவற்றில் குரல் வரி இருக்காது. இரண்டாவது ஒத்திகையில் குரலும் செல்லோவும் மட்டும், பிறகு வயோலா, பிறகு வயலின்கள் என்று அடியிலிருந்து கட்டினால் சுருதிச் சிக்கல் எங்கே பிறக்கிறது என்பது உடனே தெரியும். கடைசி ஒத்திகை அரங்கில். கடைசி வரிசையில் ஒருவர் கவிதையைப் பார்க்காமல் உட்கார்ந்து, காதில் விழுந்த சொற்களை மட்டும் எழுதட்டும். விடுபட்ட வரிகள் எவையோ அவற்றை மட்டும் சரிசெய்தால் போதும். ஆள் நிறைந்ததும் அரங்கின் எதிரொலி குறையும் என்பதால், காலி அரங்கில் சற்றுக் கலங்கலாகக் கேட்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சேம்பர் இசைக்கு எதிரொலி ஒன்றரை நொடியை ஒட்டி இருப்பது நலம். இரண்டு நொடியைத் தாண்டிய கூடத்தில் எந்தக் குரலின் சொல்லும் பிழைக்காது.

மைக் வேண்டாம். ஐந்து பேருக்கும் ஒவ்வொன்று வைத்து ஒலிபெருக்கியில் கலந்தால், மேலே சொன்ன சமநிலை முழுவதும் பெட்டியின் பின்னால் இருப்பவர் விரலுக்குப் போய்விடும். வாசிப்பவர்கள் தம் காதை நம்பி எதையும் திருத்திக்கொள்ள முடியாது. முந்நூறு, நானூறு இருக்கை கொண்ட நல்ல கூடத்தில் அதற்குத் தேவையே எழாது.

எல்லாம் சரியாக அமைந்தாலும் சில சொற்கள் கேட்காது, அதற்கும் இயற்பியல் காரணம் உண்டு. 'ஈ' போன்ற உயிரை அடையாளம் காட்டும் முதல் ஒலிச்செறிவு (ஆற்றல் குவியும் இடம்) 300 ஹெர்ட்ஸை ஒட்டியது. சோப்ரானோ 700 ஹெர்ட்ஸ் அருகே பாடும்போது சுரமே அதைத் தாண்டிவிடுகிறது. ஈ, ஊ, ஆ எல்லாம் ஒன்றாகத்தான் கேட்கும். உலகின் சிறந்த பாடகிக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. ஆகவே கவிதை கேட்பவர் கையில் இருந்தே ஆக வேண்டும். மூலமும் மொழிபெயர்ப்பும் வரிக்கு வரி எதிரெதிரே, ஒரு பாடல் ஒரே பக்கத்தில் முடியும்படி அச்சிட வேண்டும். பாட்டின் நடுவே நூறு பேர் பக்கம் புரட்டும் சரசரப்பு மென்மையான முடிவுகளைக் கொன்றுவிடும். அரங்க விளக்கைப் படிக்கும் அளவுக்கு எரியவிட வேண்டும். மொழிபெயர்ப்பைத் தந்துவிட்டு இருட்டாக்குவதை என்னால் புரிந்துகொள்ளவே முடியவில்லை.

நிகழ்ச்சியின் வரிசையும் குரலைக் காக்கலாம், கெடுக்கலாம். தொண்டையைப் பக்குவப்படுத்திக்கொண்டு வந்த பாடகியை நாற்பது நிமிடக் குவார்டெட் முடியும்வரை பின்னறையில் காக்கவைத்தால் அவர் குளிர்ந்த குரலோடுதான் வருவார். ஹூகோ வோல்ஃபின் 'இத்தாலியன் செரினேட்' போன்ற ஏழு நிமிடப் படைப்பால் தொடங்கி, உடனே பாடலுக்குப் போகலாம். ஷோன்பெர்கின் இரண்டாவது குவார்டெட்டில் சோப்ரானோ மூன்றாம், நான்காம் பகுதிகளில்தான் வருகிறார். அதை வைத்தால், இரண்டாம் பகுதி முடிந்து தந்திகளைச் சரிபார்க்கும் நேரத்தில் அவர் மேடையேறட்டும்.

எனக்கு மிகப் பிடித்த அமைப்பு, ஒரு பாடலையும் அதிலிருந்து பிறந்த குவார்டெட்டையும் அடுத்தடுத்து வைப்பது. மெண்டல்ஸோன் 1827-இல் எழுதிய ஏ மைனர் குவார்டெட், ஓபஸ் 13, அவருடைய 'ஃப்ராகே' என்ற சிறு பாடலின் 'உண்மைதானா?' என்ற மூன்று சுரக் கேள்வியை முகப்பிலேயே எழுப்புகிறது. கடைசிப் பகுதியின் முடிவில் அந்தப் பாடலிடமே திரும்புகிறது. பாடலை முன்னதாகப் பாடவைத்தால் அரை மணி நேரக் குவார்டெட்டின் கட்டுமானம் முதன்முறை கேட்பவருக்கும் திறந்துகொள்ளும். டுவோர்ஷாக் 1865-இல் எழுதிய பதினெட்டுப் பாடல்களில் பன்னிரண்டை 1887-இல் 'சைப்ரஸ்கள்' என்று குவார்டெட்டுக்கு மாற்றினார். இரண்டு மூன்றை முதலில் குரலிலும் பிறகு தந்திகளிலும் கேட்பது அருமையான அனுபவம். ஷூபர்ட்டின் 'மரணமும் மங்கையும்' பாடல் 1817, குவார்டெட் 1824. பாடலும் டி மைனர், குவார்டெட்டின் முதல் பகுதியும் டி மைனர். பாடகி தன் வசதிக்குச் சுருதியை மாற்றினால் இந்த இணைப்பு அறுந்துபோகும். மூலச் சுருதியில் பாட முடிகிறவரை அழைப்பதே முறை. குவார்டெட்டின் இரண்டாம் பகுதியில் ஒரே மெட்டை மாற்றி மாற்றி வாசிக்கும் திரிபுகளுக்கு ஷூபர்ட் எடுத்துக்கொண்டது பாடலின் பியானோ முகப்பையும் மரணம் பேசும் இசையையும். மங்கையின் பதற்றமான வரிகள் அங்கே இல்லை. அதைச் சொல்லிவிட்டால் கேட்பவர் காது எங்கே நிற்க வேண்டும் என்று அறிந்துகொள்ளும்.

உங்கள் விமர்சகர்களிடம் ஒரு வேண்டுகோள். 'குரல் அமுங்கியது' என்று எழுதும் முன் தாம் எந்த வரிசையில் உட்கார்ந்தோம், பாடகி எங்கே நின்றார், மைக் இருந்ததா, மூடி எப்படி இருந்தது என்ற நான்கையும் ஒரு வரியில் எழுதட்டும். அது அமைப்பாளருக்கும் உதவும், பாடகிக்கும் நியாயம் செய்யும். உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். இப்படியொரு மாலையை அறிவிக்கும்போது கலைஞர்களின் படங்களுக்குப் பக்கத்தில் பாடப்போகும் கவிதை ஒன்றைத் தமிழில் அச்சிடுங்கள். 'மரணமும் மங்கையும்' மத்தியாஸ் கிளாடியுஸ் எழுதிய எட்டே வரிக் கவிதை. நிகழ்ச்சி அறிவிப்புக்கு நீங்கள் ஒதுக்கும் பெட்டிக்குள்ளேயே அடங்கிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்